பக்கத்துப் பங்கில் ஒரு பாவசங்கீர்த்தனம்

வியாகுலமேரி டீச்சர் தன் பாவத்தைச் சொல்வதற்கு இரண்டு பஸ் மாறி, பக்கத்துப் பங்கான மணல்விளைக் கோயிலுக்குப் போனாள்.

சொந்த ஊர்க் கோயிலில் சொல்ல அவளுக்கு முகமில்லை. அங்கே பங்குத்தந்தை பங்கிராஸ் சாமி. அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் வேதத்தை அவள் அவரிடம்தான் கற்றாள். கற்றதை ஞாயிறுதோறும், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதே சாமியின் முன்னால் மாதம் இரண்டு முறை முழந்தாளிட்டு, மூன்று வருடமாக ஒரே பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணல்விளைக் கோயிலில் நீளமான வரிசை. அவள் முறை வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டியின், உள்ளே இருக்கும் சாமி முகம் தெரியாத சல்லடைப் பலகை அருகே முழந்தாளிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாமி, பாவியான என்னை ஆசீர்வதியும்."

"சொல்லுங்க."

"வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்த படுக்கையா கிடக்காரு. எல்லாம் நான்தான் செய்யணும். துணி மாத்தும்போது என் வாய் சும்மா இருக்கமாட்டேங்கு. ‘நீங்க செத்தாத்தான் எனக்கு விடிவு’ன்னு நேத்தும் சொல்லிட்டேன். அவருக்குப் பேச்சு வராது. சுவர்ப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

பலகைக்கு அப்பாலிருந்த குரல் தணிந்தது.

"டீச்சர், எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்புனீங்க?"

பங்கிராஸ் சாமியின் குரல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமி... நீங்களா?"

"தவக்காலம்லா. தெரிஞ்ச சாமிகிட்டச் சொல்ல சனங்க கூச்சப்படும்னு இன்னைக்கு மட்டும் நாங்க பங்கு மாறி, ஒருத்தர் கோயில்ல இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கோம். போன ஞாயிறு பூசையிலயே சொன்னேனே."

"அன்னைக்கு வீட்டுக்காரருக்கு வயித்தால போச்சு. பூசைக்கு வரல்ல."

"நம்ம கோயில்லயே இருந்திருந்தா வெளியூர்ச் சாமி கிடைச்சிருப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அது அழுகையாகிவிட்டது.

"இதான் கடைசி சாமி. இனி வரமாட்டேன். ‘இனிமே செய்யமாட்டேன்’னு ஒவ்வொரு தடவையும் ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கேன். வீட்டுக்குப் போனதும் மீறிடுதேன். மன்னிப்புக் கேக்குறதே பொய்யாப் போச்சு. நான் இனி பூசையில நன்மை வாங்கமாட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

வரிசையில் நின்ற ஒருத்தி அடுத்தவளிடம் முணுமுணுத்தாள். "ஆதாம் காலத்துல இருந்தா சொல்லுதா இவ?"

சாமி அவசரப்படவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்துவீங்க?"

"நாலு. சில நாள் ஆறு."

"மாத்துன துணி மறுபடி அழுக்காகும்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"எப்படியும் அழுக்காகத்தானே போகுதுன்னு ஒரு நாளாவது விட்டதுண்டா?"

"ஐயோ, அதெப்படி சாமி? முதுகெல்லாம் புண்ணாயிருமே."

"துணி நனைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டில் சட்டத்தைத் தட்டுவாரு."

"தட்டாம இருந்தா?"

"அப்படியும் இருப்பாரு. காலையிலதான அவ மாத்துனா, திரும்ப எப்படிக் கூப்பிடுறதுன்னு வெக்கப்பட்டு ஈரத்துலயே கிடப்பாரு. அதைப் பாத்தாத்தான் எனக்கு வயிறு எரியும். பத்துத் தடவைன்னாலும் தட்டித் தொலைச்சா என்னவாம்? மாத்தத்தானே நான் இருக்கேன்..."

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆனா நான் திட்டிக்கிட்டேதானே சாமி மாத்துதேன்?"

"நீங்க எத்தனை தடவை தட்டுனாலும் ஆண்டவர் திட்டமாட்டாரு, டீச்சர்."