காவல்கிணறு டீக்கடை வரைக்கும்

இசக்கிராஜ் வள்ளியூரில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. அந்த இடத்தில் ஒரு புல்லட் வந்து உட்கார்ந்துகொண்டது என்று ஊரில் சொல்வார்கள். தப்பில்லை. கடை திறக்க நேரமானாலும் ஆகட்டும், வண்டியைத் துடைக்காமல் அவன் படி இறங்க மாட்டான்.

வண்டியைப் பற்றி அவனிடம் வாயைக் கொடுத்தால் அன்றைய வேலை கெட்டது.

"பட்டனை அமுக்கி எழுப்புறதுக்கு அது என்ன மிக்ஸியா? உதைச்சு எழுப்பணும்."

"சைலன்சர மாத்திட்டேன். நான் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போதே இசக்கிராஜ் வாரான்னு கடைப் பையனுக்குத் தெரியணும்."

பின் சீட்டில் உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வரும் இல்லையா, அதையும் கழற்றி எறிந்துவிட்டான். சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் போடும் தடுப்பையும் கழற்றினான். கேட்டால், "ஜன்னலுக்குக் கம்பி போடலாம். வண்டிக்கு எதுக்கு? அழகே போயிருதுல்லா" என்பான்.

இதையெல்லாம் அதிகமாகக் கேட்டவள் அவன் மனைவி பிரம்மசக்தி. பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் சேலையையும் ஒரு கையில் சீட்டின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். பதினாறு வருஷம் கேட்டாள்.

போன ஆனி மாதம் நாகர்கோவிலில் ஒரு வளைகாப்பு. இருவரும் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல். கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள். ஆனி ஆடியில் அந்த இடத்துக் காற்று வண்டியையே தூக்கிப் பக்கத்தில் வைக்கும். சாலையில் ஒரு ஒட்டுப் போட்ட பள்ளம். வண்டி துள்ளியது. பிரம்மசக்தி கீழே விழுந்தாள்.

இசக்கிராஜுக்குத் தெரியவில்லை.

செயினுக்கு எந்த எண்ணெய் விடலாம், எதை விடக்கூடாது என்று பேசிக்கொண்டே போனான். காவல்கிணற்றில் சாலை பிரியும் விலக்குக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். காலை ஊன்றிக்கொண்டு, "இறங்கு, டீ குடிப்போம்" என்றான்.

டீக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார இறங்கச் சொல்லுதிய அண்ணாச்சி?"

அவன் திரும்பிப் போனபோது லாரிக்காரர்கள் அவளைத் தூக்கிச் சாலை ஓரத்தில் கிடத்தியிருந்தார்கள். இடுப்பு எலும்பு விரிசல் விட்டிருந்தது. அவள் அழவில்லை. அவனைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசினாள், நர்ஸிடம் பேசினாள், சாப்பாடு கொண்டுவந்த அண்ணனிடம் பேசினாள். இவனிடம் மட்டும் பேச்சில்லை. கட்டு அவிழ்த்ததும் சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இவனும் போகாமல் இல்லை. வாரந்தவறாமல் போனான். அவள் கம்பு ஊன்றி நடந்து வந்து மோர் கொடுப்பாள். உள்ளே போய்விடுவாள்.

"சாமி சத்தியமா எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்வான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவள் நடை இன்னும் கொஞ்சம் வேகமாகும். இடுப்பு வலியோடு.

வண்டியை விற்றுவிடுகிறேன் என்றான். கார் வாங்குகிறேன் என்றான். ஒருநாள் காலிலேயே விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள் அண்ணன் சொல்லிவிட்டார்.

"மாப்ள, அவ வரமாட்டேங்கா. எங்களாலயும் சொல்ல முடியல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசிருவோம். உறவ அத்து விட்டுருதது நல்லதுன்னா அதையும் பேசிருவோம்."

இசக்கிராஜுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒரு தலையணைதான் நசுங்குகிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போல இருந்தது.

சனிக்கிழமை காலை எப்சிபா மாஸ்டரைத் தேடிப் போனான்.

எப்சிபாவுக்கு முப்பத்தொரு வயது. பணகுடிப் பெண். தனியாகவே காஷ்மீர் வரைக்கும் வண்டியில் போய் வந்தவர். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார். தூரப் பயணம் போகிறவர்கள் எல்லாம் அவரிடம் கொஞ்ச நாள் பழகிவிட்டுத்தான் போவார்கள். இசக்கிராஜும் மூன்று வருஷமாக அவருடைய சீடன். பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன்தான், ஆனாலும் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பான். மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். எந்த ஹெல்மெட் நல்ல ஹெல்மெட் என்று ஒருவன் கேட்டதற்கு, "தலையில இருக்குதது" என்றார். அவனுடையது பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது.

இசக்கிராஜ் நடந்ததை எல்லாம் சொன்னான். மாஸ்டருக்கு ஏற்கனவே தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தும் முழுவதையும் கேட்டார்.

"இப்ப என்ன செய்யணுங்கிய அண்ணாச்சி?"

"நாளைக்கு நீங்க சாத்தான்குளம் வரணும் மாஸ்டர்."

"நான் எதுக்கு?"

"அவ நம்ப மாட்டேங்கா. ஆள் விழுந்தது தெரியாமலா ஒருத்தன் வண்டி ஓட்டுவான்னு நினைக்கா. நீங்க ஊரறிஞ்ச வண்டிக்காரி. முப்பந்தல் காத்துல பின்னால ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாதுன்னு நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாவ. அவளும் நம்புவா."

"அப்படி அவங்க சொன்னாங்களா? நம்பலைன்னு?"

"பேசினாத்தான சொல்லுததுக்கு."

மாஸ்டர் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

இசக்கிராஜ் அந்தச் சாவியை மெக்கானிக்குக்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்தான். மாஸ்டர் ஒரே உதையில் வண்டியை எழுப்பினார். இவனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அந்த நேரத்திலும்.

"பின்னால ஏறுங்க."

"நானா?"

"மதினி உக்காருத மாதிரி. ஒரு பக்கமா."

மைதானத்தில் நின்ற பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இசக்கிராஜ் ஏறினான். வாங்கிய நாளிலிருந்து அவன் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

"பிடிக்க ஒண்ணும் இல்லையே மாஸ்டர்."

மாஸ்டர் கியரைப் போட்டார்.

ஆரல்வாய்மொழி வரை போய், அங்கே வளைத்துத் திரும்பினார்கள். மாஸ்டர் ஒன்றும் வேகமாக ஓட்டவில்லை. ஆனால் இசக்கிராஜுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. பள்ளம் எப்போது வரும், பிரேக் எப்போது விழும், ஒன்றும் தெரியவில்லை. கண் முன்னால் ஒரு முதுகும் ஒரு ஹெல்மெட்டும்தான். ஒருமுறை பிரேக் விழுந்தபோது இவன் ஹெல்மெட் போய் அவர் ஹெல்மெட்டில் முட்டியது. பெண்பிள்ளையின் தோளைப் பிடிக்கவும் கூச்சம். சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். விரல் வலித்தது.

மாஸ்டர் முன்னால் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். காற்றிலும் சைலன்சர் சத்தத்திலும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"என்ன மாஸ்டர்?" என்று கத்தினான்.

அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

"கேக்கல மாஸ்டர்."

அவருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் தாண்டியதும் இசக்கிராஜ் அவர் முதுகைத் தட்டினான். வண்டி நின்றது.

"இந்த இடமா?"

"இந்த இடந்தான். அந்தா தெரியுத ஒட்டு."

"இறங்குங்க. லாரிக்காரங்க அவங்கள எங்க கிடத்தியிருந்தாங்க?"

காட்டினான்.

"அங்க உக்காருங்க. மதினி போன் அன்னைக்கு எங்க இருந்தது?"

"என் வண்டிப் பையில."

"அப்ப உங்க போனையும் குடுங்க."

கொடுத்தான். மாஸ்டர் போய்விட்டார்.

புல்லட் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஊரே திரும்பிப் பார்க்கட்டும் என்று அவன் காசைக் கொட்டி மாற்றிய சைலன்சர். அது தூரத்தில் போகப் போக இவ்வளவு நேரம் கேட்கும் என்று அவன் அறிந்ததில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கேட்டது. பிறகு காற்று மட்டும்தான். காற்றாலைகள் 'ஊம் ஊம்' என்று சுற்றின. லாரிகள் போகும்போது மண்ணை வாரி முகத்தில் அடித்தன. வாய்க்குள் மண் கடிபட்டது.

இப்போது வந்துவிடுவார் என்று முதலில் நினைத்தான். சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தான். வந்ததெல்லாம் வேறு வண்டி. கோபம் வந்தது, இது என்ன விளையாட்டு என்று. கோபம் போய், வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம் வந்தது. அதுவும் போனது. உட்கார்ந்தபடியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, எழுந்து நடந்தால் அரை மணியில் ஆரல்வாய்மொழி போய்விடலாம். ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மொபெட்டில் வாழைத்தார் ஏற்றிப் போன ஒருவர் நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, வெயில்ல உக்காந்திருக்கிய. தலை சுத்துதா?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

"கூட யாரும் வரலியா?"

"வந்தாவ."

"எங்க?"

"போயிருக்காவ."

"உங்கள விட்டுட்டா?"

இசக்கிராஜ் வண்டி போன பக்கம் பார்த்தான். அந்த மனிதர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிரம்மசக்தியிடமும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். லாரிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்ததும் இசக்கிராஜுக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டு ஓரத்தில், பெயிண்ட் கடை முதலாளி, குலுங்கிக் குலுங்கி அழுதான். காற்றில் அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

மாஸ்டர் வந்தார்.

"ஏன் மாஸ்டர் இவ்வளவு நேரம்?"

"டீக்கடை வரைக்கும் போனேன். நிறுத்துனேன். திரும்பி வந்தேன். வழியில எங்கயும் நிக்கல அண்ணாச்சி."

இசக்கிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு தூரமா போயிருக்கிறோம் என்று அவன் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. கொஞ்ச தூரம் போயிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனைக் கொடுத்தார். நாலைந்து லாரிகள் போயின.

"புரியுது மாஸ்டர்" என்றான் இசக்கிராஜ். "அவ பட்டது புரியுது. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"நீங்க வேணும்னு விட்டுட்டுப் போனீங்க. நான் இங்க கிடக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் அப்படிப் போகலையே. தெரிஞ்சு விட்டுட்டுப் போயிருந்தா என்னைய செருப்பால அடிக்கலாம். தெரியாமத்தான போனேன்? அதுக்கு ஒரு மன்னிப்பு கிடையாதா?"

மாஸ்டர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வந்து அத மட்டும் சொல்லுங்க மாஸ்டர். இவன் தெரியாமத்தான் போனான்னு. ஒரு வார்த்தை. அவ நம்பிட்டாப் போதும்."

"மதினி அத என்னைக்கோ நம்பிட்டாவ அண்ணாச்சி."

இசக்கிராஜ் அவரைப் பார்த்தான்.

"பிறகு ஏன் வரமாட்டேங்கா?"

மாஸ்டர் எழுந்து, பேண்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். சாவியை அவன் கையில் வைத்தார்.

"தெரிஞ்சு விட்டுட்டுப் போயிருந்தியன்னா மதினி உங்ககூடச் சண்ட போட்டிருப்பாவ. சண்ட போட்டுட்டு, வீட்டுக்கு வந்திருப்பாவ."