அமிர்தத்தின் முறை

"அக்கா, அமிர்தம் மாதிரி ஆட எனக்குச் சொல்லிக் குடுங்க."

எஸ்தர் வீடியோ கேம் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவருடைய கடைசிக் கப்பல் வெடிக்கும்வரை குலசேகரன் பின்னால் நின்றார்.

"எதுக்கு?"

"இரட்டையர் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன்."

"கூட ஆடறது யாரு?"

"அமிர்தம்தான்."

இப்போது எஸ்தர் திரும்பிப் பார்த்தார்.

குலசேகரனின் மனைவி அமிர்தம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர். பிறகு எழுந்திருக்கவில்லை.

*

புதுச்சேரிக் கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ரஃபேலின் கேம்ஸ் ஹால் இருந்தது. எங்கோ மூடிய ஒரு ஹாலிலிருந்து பழைய இயந்திரங்களை வாங்கிவந்து போட்டிருந்தான். இளவட்டங்கள் ஏறிவந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, இறங்கிப் போனார்கள். தங்கியவர்கள் வயதானவர்கள். காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு ஏசிக்காக மாடியேறியவர்கள் அப்படியே ஆட்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் ரஃபேல் போட்டி வைத்தான்.

ஒற்றையர் போட்டியில் எஸ்தரை யாரும் ஜெயித்ததில்லை. எழுபதைத் தாண்டியவர். ரயில்வே டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனாலும் எல்லோரும் அவரிடம்தான் போய்க் கேட்டார்கள்.

குலசேகரனும் அமிர்தமும் அந்த மாடிக்கு வந்தது அமிர்தத்தின் முழங்காலால். கடற்கரை முழுவதும் நடக்க அவரால் முடியவில்லை. கொஞ்சம் உட்காரலாம் என்று ஏறினார்கள்.

மூலையில் இருந்த இயந்திரத்தைப் பூச்சி ஆட்டம் என்று சொல்வார்கள். மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் குண்டு போட்டுக்கொண்டே இறங்கும். கீழே ஒரு சின்னக் கப்பல். உருண்டைத் தலை வைத்த ஒரு பிடியால் அதை இடமும் வலமும் நகர்த்திச் சுட வேண்டும். கடைசிப் பூச்சியைச் சுட்டதும் புதுப் பூச்சிகள் வரும், முன்னைவிட வேகமாக.

"இதுல ஜெயிக்கிறது எப்படிக்கா?" என்று அன்று எஸ்தரிடம் கேட்டது குலசேகரன்.

"ஜெயிக்க முடியாது."

"கடைசில என்ன வரும்?"

"பூச்சி."

குலசேகரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மின்துறையில் இன்ஜினியராக இருந்தவர். முடிவில்லாத ஒரு காரியம் அவருக்குப் பிடிக்காது.

அமிர்தம் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. எப்படியும் தோக்கத்தான் போறோம்னா பயமே இல்ல. வாங்க, ஆடலாம்."

அப்படித்தான் தொடங்கியது.

*

இரட்டையர் ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே இயந்திரத்தில் மாறி மாறி ஆடுவார்கள். ஆளுக்கு மூன்று கப்பல். ஒருவர் கப்பல் வெடித்ததும் திரையில் அடுத்தவர் பெயர் வரும். பிளேயர் ஒன். பிளேயர் டூ. இரண்டு பேர் புள்ளிகளும் சேர்ந்து கணக்கு.

அமிர்தம்தான் பிளேயர் டூ. அமிர்தம்தான் நன்றாக ஆடுபவர்.

அவர் இறந்த பிறகு ரஃபேல் தயங்கித் தயங்கிச் சொன்னான். "வேற யாரையாவது சேத்துக்குங்க சார். கோமதி மேடம் தனியாத்தான் இருக்காங்க."

"வேற யாரும் வேணாம். ரெண்டு பேர் முறையையும் நானே ஆடறேன். அவ முறைய அவ மாதிரியே ஆடறேன்."

ரஃபேலால் மறுக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் குலசேகரன் எஸ்தரிடம் சொல்லி முடித்தார்.

"நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்க்கா. அவ எப்படி ஆடுவான்னு உங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லா ஆடுவா. அது தெரியும்."

"எப்படித் தோப்பாங்க?"

குலசேகரன் நினைத்துப் பார்த்தார்.

எத்தனையோ முறை அவளுடைய கப்பல் வெடித்த சத்தம் காதில் இருந்தது. வெடித்ததை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்த நினைவில்லை.

"தெரியல அக்கா."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க, தம்பி."

எஸ்தர் மறுபடி ஆடப் போய்விட்டார்.

*

குலசேகரன் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"லெஃப்ட் ஓரத்த விட்டு நகர மாட்டாங்க சார்" என்றான் ரஃபேல். "அங்கயே இருந்துக்கிட்டு ஒவ்வொண்ணா அடிப்பாங்க."

"பேசிக்கிட்டே ஆடுவாங்க" என்றார் கோமதி. "வாடா வாடா, சாப்பிட்டியாம்பாங்க பூச்சிகிட்ட. எனக்குச் சிரிப்பு வந்து என் கப்பல் போயிடும்."

"பிடிய விரலால பிடிக்க மாட்டாங்க. மேல இருக்கிற உருண்டைய உள்ளங்கையால மூடிக்குவாங்க" என்றார் இன்னொருவர்.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

எப்படித் தோற்பார் என்று கேட்டால் மட்டும் யாரும் சொல்லவில்லை. ரஃபேல் தலையைக் குனிந்துகொண்டான். கோமதி, "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றார்.

வீட்டில் குலசேகரன் சாப்பாட்டு மேஜையில் ஒரு கரண்டியை நிமிர்த்தி நிறுத்தி, குழிந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பழகினார். இடது ஓரம். ஒவ்வொன்றாக. பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தால் எடுத்து, "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி கரண்டிக்கு வந்தார். சமையலறையில் அவர் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"வாடா, வாடா. சாப்பிட்டியா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

*

போட்டி நாள் காலையில் முதல் ஆளாக மாடியேறினார். எஸ்தர் ஏற்கெனவே வந்திருந்தார். ரஃபேல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாருங்கக்கா. வந்திடுச்சு."

பிடியை உள்ளங்கையால் மூடினார். கப்பலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். பூச்சிகள் இறங்கின. "வாடா, வாடா" என்றார், அமிர்தத்தின் இழுவையோடு. ஒரு வரிசை போயிற்று. இன்னொரு வரிசை. வேகம் கூடியது. அவர் கை தடுமாறவில்லை.

ரஃபேல் கையில் நாற்காலியோடு நின்றுவிட்டான். "ஐயோ, அப்படியே மேடம்தான்" என்றான்.

எஸ்தர் நடந்துவந்து இயந்திரத்தின் வலது பக்கம் நின்றார். அமிர்தம் ஆடும்போது குலசேகரன் வழக்கமாக நிற்கும் இடம் அது. நின்று, திரைக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை மடக்கி மடக்கி விரித்தார்.

குலசேகரன் ஆடிக்கொண்டே இருந்தார். இதுவரை அவர் தொடாத வரிசையைத் தொட்டிருந்தார். உள்ளே ஏதோ பொங்கியது. இதை அக்கா பார்க்க வேண்டும் என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தார்.

எஸ்தரின் முதுகுதான் தெரிந்தது. விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

கப்பல் வெடித்தது.

"நீங்க பாக்கவே இல்லையேக்கா" என்றார் குலசேகரன், ஒரு குழந்தையைப் போல.

எஸ்தர் விரல்களை நிறுத்தினார்.

"இப்பத்தான் சரியா ஆடுனீங்க."

"எது சரி? தோத்துட்டேனே."

"இப்படித்தான் திரும்பிப் பாத்துத் தோப்பாங்க. ஒவ்வொரு தடவையும்."

குலசேகரன் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

அமிர்தத்தோடு ஆடிய நாட்களில், தன் கப்பல் வெடித்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். எங்கே பிசகினோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். அடுத்த முறைக்கு விரல்களைத் தயார் செய்துகொண்டிருப்பார். பின்னால் அவள் பேசுவாள், சிரிப்பாள், யாராவது கைதட்டுவார்கள். பிறகு வெடிச்சத்தம் கேட்கும். "உங்க முறைங்க" என்பாள். அவர் திரும்புவார்.

"ஏன் அக்கா யாருமே சொல்லல?"

"சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"யாரு?"

எஸ்தர் பூச்சி இயந்திரத்தின் பிடியைப் பார்த்தார்.

குலசேகரன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரஃபேல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"பேர எடுத்துடவா சார்?" என்று ரஃபேல் மெல்லக் கேட்டான்.

குலசேகரன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

*

நாற்காலிகள் நிரம்பின. கோமதி பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஒருவர் வாக்கருடன் ஏறி வந்தார். ஜோடி ஜோடியாக ஆடினார்கள். கத்தினார்கள், ஏசிக்கொண்டார்கள், கைதட்டினார்கள்.

"அடுத்து, குலசேகரன் சார்" என்றான் ரஃபேல். ஒரு கணம் நின்றான். "அமிர்தவல்லி மேடம்."

எல்லோரும் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

பிளேயர் ஒன் என்று வந்தது. குலசேகரன் தன் முறையை ஆடினார். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. கப்பல் வெடித்தது.

பிளேயர் டூ.

எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். காலையில் நடந்ததை ரஃபேல் கொஞ்சம் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. அமிர்தம் மாதிரியே ஆடப்போகிறார் என்று கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள்.

குலசேகரன் பிடியிலிருந்து கையை எடுத்தார். வலது பக்கம் போய் நின்றுகொண்டார். திரையைப் பார்த்தார்.

கப்பல் நடுவில் அசையாமல் நின்றது. பூச்சிகள் இறங்கின.

"சார், ஆடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் நகரவில்லை. குண்டு விழுந்தது. கப்பல் வெடித்தது. அவர் கண்ணை மூடாமல் முழுவதையும் பார்த்தார்.

பிளேயர் ஒன். முன்னால் வந்து ஆடினார். கண்ணில் நீர் மறைத்ததால் சீக்கிரமே தோற்றார்.

பிளேயர் டூ. விலகி நின்றார். பார்த்தார்.

இப்போது யாரும் கத்தவில்லை. ரஃபேல் ஆட்டத்தை நிறுத்த எழுந்தான். எஸ்தர் ஒரு கையை உயர்த்தினார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

குலசேகரனின் கடைசிக் கப்பலும் போயிற்று. புள்ளிகளில் அவர்கள் எல்லோருக்கும் கீழே இருந்தார்கள்.

பிளேயர் டூ. அமிர்தத்தின் கடைசிக் கப்பல்.

இந்த முறை என்னவோ குண்டுகள் இடப்பக்கம் விழுந்தன, வலப்பக்கம் விழுந்தன. கப்பல்மேல் விழவில்லை. பிடியில் கையில்லாமல், சுடாமல், அது அப்படியே நின்றது. பூச்சிகள் ஒரு படி இறங்கின. இன்னொரு படி இறங்கின. கோமதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எஸ்தர் எழுந்துவந்து குலசேகரன் பக்கத்தில் நின்றார்.

குலசேகரன் திரையை விட்டுத் திரும்பாமல் கேட்டார்.

"இப்பப் பாத்து என்னக்கா பிரயோஜனம்?"

"ஒரு பிரயோஜனமும் இல்ல, தம்பி."

குலசேகரன் கண்ணை எடுக்கவில்லை.