புல் பிடுங்கிய தோப்பு

கேளுங்கள். ஆறும் குளமும் இல்லாத ஒரு மலைநாட்டை முன்னொரு காலத்தில் ஒரு ராஜா ஆண்டுவந்தார். அந்த நாட்டில், மலைச்சரிவில், முத்திருளன் என்ற குடியானவன் இலுப்பைத் தோப்பு வைத்திருந்தான். மழை பெய்தால்தான் அதற்குத் தண்ணீர்.

அவன் மனைவி காத்தாயி, பிடித்துவைத்த மழைத்தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள் அவை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மழைக்காலம் முழுக்க அவள் புல்லை விட்டுவைப்பாள். மழை ஓய்ந்ததும் அறுத்து மரத்தடியில் பரப்புவாள். வெயிலில் ஈரம் காயாமல் இருக்கும்.

ஒரு வருஷம் ராஜா பறையறைந்து அறிவித்தார். எந்தத் தோப்பு சுத்தமாக இருக்கிறதோ, அதன் எண்ணெயில்தான் இனிக் கோயில் விளக்கு எரியுமாம். முத்திருளனுக்கு ஆசை வந்தது. மழைக்கு முன்பே ஒரு புல் விடாமல் பிடுங்கத் தொடங்கினான்.

காத்தாயி தடுத்தாள். "மழை முடியட்டுங்க, நானே அறுத்துத் தர்றேன். இப்ப வேரோட பிடுங்கினா மண்ணைப் பிடிச்சுவைக்க என்ன இருக்கும்?"

"பிள்ளை பெறாதவளுக்கு வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்றான் அவன்.

பிடுங்கி முடித்து, சரிவின் மேலிருந்து கீழாக மூன்று முறை உழுதான்.

முதல் மழையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. இரண்டாம் மழை உழவுசால்களை ஓடைகளாக அறுத்தது. மூன்றாம் மழையில் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன.

கொட்டும் மழையில் காத்தாயி கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடிவாரத்தில் சேர்ந்த மண்ணை அள்ளி மேலே சுமந்தாள். முத்திருளனும் வெட்கத்தோடு கூடச் சுமந்தான். சுமந்ததையும் மழை கொண்டுபோயிற்று. அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

படுத்த மூன்றாம் நாள் கேட்டாள்: "மண்ணு நின்னுச்சா?"

"நின்னுடுச்சு, காத்தாயி" என்று அவன் பொய் சொன்னான். அவள் கண்ணை மூடினாள்; பிறகு திறக்கவே இல்லை.

கோடையில் மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ராஜாவின் ஆட்கள் வந்து, சுத்தமான தரையையும் பட்ட மரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அடுத்த மழைக்குச் சரிவில் தானாகப் புல் முளைத்தது. முத்திருளன் அதன் நடுவே உட்கார்ந்து, அவளிடம் சொல்லாமல் போன மன்னிப்பை மண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர் மெச்ச வேண்டும் என்று, உடனிருந்து அறிந்தவர் சொல்லைத் தள்ளுகிறவன், எதற்காகப் பாடுபட்டானோ அதையே இழப்பான்.