பிள்ளை உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

முன்பொரு காலம், இன்னாசியின் தையல் கடையில் ஒரு மெழுகுதிரி குடியிருந்தது. வாங்கி வந்தபோது அதன் உயரம் நாற்பத்திரண்டு இஞ்ச். அது இன்னாசியின் மகள் ஜெனிட்டாவின் உயரம்.

ஐந்து வயதில் அந்தப் பிள்ளை மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். இன்னாசி தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, படுக்கையிலேயே அவளைத் தலையிலிருந்து பாதம்வரை அளந்தான்.

"ஆண்டவரே, என் பிள்ளைய எழுப்பிக் குடும். அவ உயரத்துக்கு மெழுகுதிரி வாங்கி, நடந்தே வந்து உம்ம கோவில்ல ஏத்துறேன்" என்று அழுதான்.

மூன்றாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டாள்.

மெழுகுதிரியை உடனே வாங்கிவிட்டான். ஆனால் அது பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் நேரம். "இந்த வேலை முடியட்டும்" என்று அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அதை நிறுத்தி வைத்தான்.

"எப்போ போறோம்?" என்று கேட்டது மெழுகுதிரி.

கத்திரிக்கோல் கடகடவென்று சிரித்தது. "இவரு யாருக்கு வே சொன்ன தேதியில துணி குடுத்திருக்காரு? கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த சட்டைய, பொண்டாட்டி வளைகாப்புக்கு வாங்கிட்டுப் போனவன் இருக்கான்."

"மனுசனுக்குச் சொன்னது வேற. இது ஆண்டவருக்குச் சொன்னது."

"சொன்ன வாய் ஒண்ணுதானவே!"

மெழுகுதிரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்னாசி அழுத அழுகையை டேப் அதற்குச் சொல்லியிருந்தது; இந்தக் கத்திரிக்கோலுக்கு என்ன தெரியும்?

யூனிபார்ம் முடிந்ததும் கிறிஸ்துமஸ் வந்தது. பிறகு பொங்கல், கல்யாண முகூர்த்தங்கள். "ஏங்க, கோவிலுக்கு நேர்ந்த பொருத்தனை அப்படியே நிக்குதே" என்பாள் மனைவி ரோஸ்லின். "இந்தச் சட்டைக்குக் காஜா எடுக்குறது மட்டுந்தான் பாக்கி. அடுத்த வாரம் கிளம்பிருவோம்" என்பான் இன்னாசி.

ஒருநாள் ஒரு பேண்ட்டில் ஜிப் இறுகிக்கொண்டது. ஆள் வாசலில் நிற்கிறான். ஜிப்பில் தேய்க்க மெழுகுத் துண்டு கைக்கு அகப்படவில்லை. இன்னாசி அலமாரிப் பக்கம் பார்த்தான்.

"கொஞ்சூண்டுதானே. ஆண்டவர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு."

அடியில் ஒரு துண்டு வெட்டினான். ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தத் துண்டு தீர்ந்ததும் இன்னொன்று. பித்தான் நூலுக்கு மெழுகு பூச மற்றொன்று.

"முப்பத்தெட்டு" என்றது டேப்.

மெழுகுதிரி சந்துக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"முப்பத்தொண்ணு."

"மெதுவாச் சொல்லு. கத்திரிக்கோல் காதுல விழுந்துரும்."

"உள்ளதத்தானே சொல்லுறேன். பொய் அளவு சொல்ல எனக்கு யாரு கத்துக் குடுத்தா?"

வருஷங்கள் ஓடின. ஜெனிட்டா ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். யூனிபார்முக்கு அளவெடுக்க வந்தவள், சும்மா இராமல் அலமாரிச் சந்தில் கையை விட்டு மெழுகுதிரியை வெளியே இழுத்தாள்.

"எப்பா, இது என்னது?"

இன்னாசி வாயைத் திறக்குமுன் ரோஸ்லின் சொன்னாள். "நீ காய்ச்சல்ல கிடந்தப்போ, உன் உயரத்துக்குக் கோவிலுக்கு நேர்ந்தது."

ஜெனிட்டா அதைத் தரையில் நிறுத்தி, பக்கத்தில் நின்று பார்த்தாள். இடுப்புக்குக்கூட வரவில்லை. சிரித்தாள். பிறகு தூக்கி, அடிப்பக்கத்தில் இருந்த கத்தித் தடங்களை விரலால் தடவினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"என் உயரம்னா... வெட்டுனதெல்லாம் என்னையா, எப்பா?"

இன்னாசியால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கத்திரிக்கோல்கூட அப்போது சிரிக்கவில்லை.

அப்போதே மிஷினை நிறுத்திக் கடையைச் சாத்தினான். "புதுசா ஒண்ணு வாங்கிருவோமா?" என்று ரோஸ்லின் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம். நான் செஞ்சு வச்சத நானே கொண்டு போறேன். அவரு பாக்கட்டும்."

மூன்று பேரும் செருப்பில்லாமல் ஒன்பது மைல் நடந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய மெழுகுதிரி இன்னாசியின் கக்கத்தில் கிடந்தது. மெழுகுதிரி எத்தனையோ முறை கனவு கண்ட பயணம்தான். ஆனாலும் கோவில் கோபுரம் தெரிந்தபோது, வழி இன்னும் கொஞ்சம் நீளாதா என்று நினைத்தது.

பீடத்தருகே காணிக்கை வாங்கி வைக்கும் கோவில்பிள்ளை, காகிதத்தைப் பிரித்து மெழுகுதிரியைக் கையில் எடுத்தார். எத்தனையோ தகப்பன்மாரைக் கண்டவர். கனிவாகக் கேட்டார்:

"கைக்குழந்தைக்கா? இப்போ சுகமா இருக்கா?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் கையை நீட்டி, தன் தோளுயரம் வளர்ந்து நின்ற மகளை முன்னால் இழுத்தான்.

"இவளுக்குத்தான்."

கோவில்பிள்ளை ஜெனிட்டாவைப் பார்த்தார். கையிலிருந்த மெழுகுதிரியைப் பார்த்தார். அதை நட்டுத் திரியைப் பற்றவைத்தார்.

சுற்றிலும் பிள்ளை உயரங்கள் நிமிர்ந்து நின்று எரிந்தன. இந்த நெருப்புக்காகத்தான் அத்தனை வருஷம் அந்த மெழுகுதிரி காத்திருந்தது. இப்போதோ, சீக்கிரம் உருகி முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது அதற்கு.