சின்ன இலை

கொள்ளிடக்கரை மடத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். குருவுக்கு முப்பது வயது. சீடர் சடையப்பருக்கோ நாற்பத்தைந்து. ஊரில் வாந்திபேதி கண்ட வருஷம் மனைவியையும் இரண்டு பெண்களையும் ஒரே வாரத்தில் வாரிக்கொடுத்துவிட்டு, ஏடும் எழுத்தாணியுமாக வந்து சேர்ந்த மனுஷர். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

இருவரும் ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார்கள். குரு சொல்லைக் கொடுப்பார். சடையப்பர் பொருள் எழுதுவார். அவருக்கா சொல்லித்தர வேண்டும், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருஷம் தடங்கலில்லாமல் ஓடிய வேலை ‘பறிகொடுத்தல்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது.

‘இழத்தல்’ என்று எழுதினார். போதாது என்றார் குரு. ‘அருமையானதை இழத்தல்’ என்று மாற்றினார். அதுவும் போதாதாம். மூன்றாம் நாள், ‘மீளாதபடி இழத்தல்’. குரு ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சடையப்பருக்குப் பொறுமை போய்விட்டது. யாருக்குத்தான் போகாது?

“எனக்கா சாமி இதுக்கு அர்த்தம் தெரியாது? வேற எவனைக் கேப்பீங்க?”

பசிக்கிறது, இலை அறுத்து வாரும் என்றார் குரு.

முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்குப் போனார் சடையப்பர். முன்பு வீட்டிலும் இலை அறுப்பது இவர் வேலைதான். மனைவி சோறு வடிக்கும்போது இவர் இலையோடு நிற்க வேண்டும். அறுத்து வந்து, தண்ணீர் தெளித்து, இரண்டை விரித்தார். மிச்சத்தை வழக்கம்போல மாட்டுக்குப் போட எடுத்தார்.

“கொஞ்சம் இரும். நாம் இரண்டு பேர். எத்தனை அறுத்தீர்?”

எண்ணிப் பார்த்தார். ஐந்து.

நேற்று எத்தனை என்று கேட்டார் குரு. நேற்றும் மாடு மூன்று இலை தின்றது. முந்தாநாளும் தின்றது. இரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

குரு அந்த மூன்றில் ஒன்றை வாங்கிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும், அவ்வளவு சின்ன நுனி இலை. கிழிசல் படாமல் பார்த்துப் பார்த்து அறுத்திருந்தது.

“இது யாருக்கு?”

“சின்னவளுக்கு,” என்றார் சடையப்பர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாவம், வாய்விட்டு அழுதார். அழுது ஓய்வதற்குள் சோறு ஆறிப்போயிற்று.

குரு எழுத்தாணியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதை எழுதும்.”

“எழுதிட்டா, நாளைக்குக் கை ரெண்டு இலையோட நிக்குமா சாமி?”

“நிற்காது. படிக்கிறவனுக்குப் பொருள் விளங்கும், அவ்வளவுதான்.”