தெற்கு வீதித் திருப்பத்தில் ஒரு சட்டம்

ஒரு காலத்தில் முல்லைக்கோட்டை நாட்டை மருதவர்மன் ஆண்டு வந்தான். அவனோடு சேர்ந்து அவன் மூக்குநுனிக் கோபமும் ஆண்டது. காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். அவன் மறக்கும்வரை ஊரைக் காப்பாற்றுவதே மந்திரி காரிநாதருக்குப் பிழைப்பு.

ஓர் ஆண்டு போட்ட ஒரு சட்டத்தை மட்டும் மறக்கவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். அவர்தான் கருவூல அதிகாரி திருமலையப்பர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். சொந்தமாக ஒரு மலை வைத்திருந்தார். அங்கே கல் உடைப்பவர்கள் எல்லாம் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

"வெளிநாட்டு வேலையாள் கழுத்தில் முதலாளியின் பெயர் பொறித்த செப்புவில்லை தொங்கவேண்டும். அவரை விட்டுப் போனால் வில்லையைப் பறித்து நாட்டைவிட்டே துரத்தவேண்டும். வில்லை இல்லாதவனை எவர் வேலை வாங்கினாலும் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றவேண்டும்" என்று அவர் ஓதினார். மன்னன் முத்திரை வைத்துவிட்டான்.

முதலில் மாட்டியவன் சென்னப்பன். ஊசிப்போன கூழைக் குடிக்க முடியாமல் மலையைவிட்டு இறங்கியவன். அவன் வில்லையைப் பறித்துக்கொண்டார்கள். தேர்த் திருவிழா முடிந்ததும் அவனும் நிறைமாத மனைவியும் எல்லை தாண்டவேண்டும் என்று உத்தரவானது.

காரிநாதருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, பிள்ளைத்தாய்ச்சி எப்படி நடப்பாள்? முதலாளி சேற்றை ஊற்றினாலும் அவன் குடித்தே தீரவேண்டுமா? இது சட்டமா, கால்விலங்கா?"

"மந்திரியாருக்கு மனசு வெண்ணெய்" என்றார் திருமலையப்பர். "வெயிலில் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்."

சபை சிரித்தது. மன்னனுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "காரிநாதரே, தேர் நிலைக்கு வருவதற்குள் இந்தச் சட்டம் தவறென்று என் கண்ணில் காட்டும், ரத்து செய்கிறேன். இல்லையேல் உம் மந்திரி மோதிரத்தைக் கழற்றித் திருமலையப்பரிடம் கொடும்."

மந்திரி பயந்துதான் போனார். வீட்டுக்குப் போகிற வழியில், தேர் நிற்கும் தேர்முட்டியில் தச்சர்கள் அச்சுக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்தார். பார்த்தவர் நடுவீதியில் தனியாகச் சிரித்தார்.

திருவிழாவும் வந்தது. மன்னனே வடம் பிடித்தான். ஊரே திரண்டு இழுக்க, தேர் ஆடி அசைந்து தெற்கு வீதிக்கு வந்தது. அங்கே இறக்கம். இறக்கத்தின் கோடியில் திருமலையப்பரின் புத்தம்புது மாளிகை. அந்தத் திருப்பத்தில் உருளும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவது ஆண்டுதோறும் சென்னப்பன் வேலை. உயிருக்குப் பயந்து உள்ளூரில் ஒருவரும் அதைப் பழகவில்லை. இறக்கத்தில் ஆள் நிற்காதபடி மந்திரி காலையிலேயே எல்லாரையும் விலக்கியிருந்தார்.

இழுத்தவர்கள் ஓரம் ஒதுங்க, வடம் தளர்ந்தது. தேர் தானாகவே உருளத் தொடங்கியது. சென்னப்பன் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சக்கரத்தோடு கூடவே நடந்தான். கட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"அடேய், கட்டையைப் போடுடா!" என்று அலறினார் திருமலையப்பர்.

"எங்கழுத்துல வில்லை இல்லீங்களே சாமி" என்றான் அவன். "என்னை வேலை வாங்குறவங்களுக்கு மொட்டையாமே?"

"ஆமாம், சட்டம் சட்டம்தான்" என்றார் காரிநாதர். "யார் வேலை வாங்குகிறீர்கள்? சொல்லிவிட்டால் நாவிதரைக் கூப்பிடலாம்."

தேர் நெருங்கியது. மாளிகைத் தூண்மேல் அதன் நிழல் விழுந்தது.

"நான்தான் வாங்குறேன்! வில்லை கிடக்கட்டும், போடுடா!" என்று கத்தினார் திருமலையப்பர்.

சென்னப்பன் குனிந்தான். கட்டை சக்கரத்தின் வாய்க்குள் போனது. தேர் முனகிக்கொண்டு, தூணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஊரே கூவியது. மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உமக்கு ஆபத்து வந்ததும் வில்லை கிடக்கட்டும் என்கிறீர். அப்படியானால் எல்லாருக்குமே கிடக்கட்டும்" என்று மன்னன் சட்டத்தை அங்கேயே ரத்து செய்தான். வந்தவன் தனக்குப் பிடித்த இடத்தில் வேலை செய்யலாம். கெட்ட சோறு போடுகிறவருக்குத்தான் இனி தண்டனை. கழுதை தயாராகத்தான் நின்றது. மந்திரி கேட்டுக்கொண்டதால் திருமலையப்பரின் தலைமுடி தப்பியது.

"சென்னப்பா, நீ யாரிடம் வேலை பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டான் மன்னன்.

"தேருக்கே கட்டை போடுறேன் மகாராஜா. அடுத்த வருசமும் தேர் இந்தப் பக்கந்தானே வரணும்?"

திருமலையப்பர் தன் தூண்களை ஒருமுறை பார்த்தார். அன்று மாலையே அவர் வீட்டிலிருந்து சென்னப்பன் குடிசைக்குச் சுடச்சுடச் சோறும் குழம்பும் போயின. பிள்ளை பிறந்த பிறகும் அது நிற்கவில்லை.