அறுந்து போகாத கம்பி

பல்கலைக்கழகத்துக்கு வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பேராசிரியர் கருணாகரன் பூட்டியே வைத்திருந்தார். வெற்றிலைக் கொடிகளை அழுக வைக்கும் கிருமியை அதில் பார்க்க வேண்டும் என்று, சின்னக் கல்லூரி ஒன்றின் ஆசிரியை ஜெமிலா மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பினாள். பிறகு துணைவேந்தரிடமே முறையிட்டாள். அவர் நேரில் வந்தார்.

"மூணு வருஷமா ராப்பகலா ஓடுது சார். மெஷின் சும்மா இருக்கிற ஒரு மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்க, தர்றேன்" என்றார் கருணாகரன்.

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் தவமணி பணிவாகச் சொன்னாள்: "ஐயா, இதைச் செஞ்ச கம்பெனிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதணும்."

"எதுக்கும்மா?" என்றார் துணைவேந்தர்.

"உள்ளே பல்பு மாதிரி ஒரு கம்பி எரியும். நூறு மணி நேரம் எரிஞ்சா அறுந்துடும், வேற மாத்தணும். சார் மூணு வருஷம் ராப்பகலா ஓட்டியும் முதல் கம்பியே இன்னும் அறுந்து போகலையே!"

துணைவேந்தர் சிரித்துவிட்டார். கருணாகரன் சிரிக்கவில்லை. சாவி அப்போதே தவமணியின் கைக்கு மாறியது. அன்று மாலையே ஜெமிலா கிருமியைக் கண்டுவிட்டாள்.

அடுத்த வாரம் கருணாகரன் வந்து கதவைத் தட்டினார். தவமணி பதிவேட்டைப் புரட்டினாள்.

"உங்க முறை வியாழக்கிழமை சார். முன்னாடி ஆறு பேர் இருக்காங்க."